முன்பே தெரிந்த ஈரம்

என் மாமனாருக்கு எல்லாம் முன்பே தெரியும். என்ன, நடந்து முடிந்த பிறகுதான் முன்பே தெரியும். எதிர்வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தால், "அந்தாளு மூச்சு வாங்கறப்பவே நினைச்சேன்" என்பார். மழையில் துணி நனைந்தால், "காலையிலேயே சொன்னேனே" என்பார். காலையில் அவர் சொன்னது டீயில் சர்க்கரை குறைவு என்பது மட்டும்தான். நானும் என் கணவரும் தனியாக இருக்கும்போது அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'நேற்றைய வானிலை'. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது எனக்கு வருவதில்லை.

அவர் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏறியதுமே முகத்தைப் பார்த்து, யார் டிக்கெட் வாங்கவில்லை என்று கண்டுபிடித்துவிடுவாராம். பிடிபட்டவர்களைப் பற்றி நிறையக் கதை சொல்வார். தப்பித்தவர்களைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் குளியலறையை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. பழைய சாமான்களைப் போட்டு அடைத்து வைத்திருந்தோம். என் அம்மா கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பிறகு அந்த அறையைக் காலி செய்தேன். அம்மா இருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், இரண்டாவது மாடியில், வாடகைக்கு. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். வெளியூரில் இருக்கும் அண்ணன், தன் வீட்டில் இடமில்லை என்று ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டு, ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில் பேசி வைத்திருந்தான். அம்மா என்னிடம் வருவதா, அங்கே போவதா என்பது அந்தச் சின்ன அறையில்தான் இருந்தது. சுவருக்குப் புதிதாகப் பூச்சு வேலை செய்து, கட்டில் போட்டு, எழுந்து நிற்கும்போது பிடித்துக்கொள்ளச் சுவரோரம் கம்பி அடித்து வைத்தேன். கம்பி ஆடுகிறதா என்று நானே தொங்கிப் பார்த்தேன். மாமனார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய விஷயம்.

அம்மா வருவதற்கு முந்தின வாரம் குழாய் வெடித்தது. பட்டப்பகல். குளியலறைக்கும் அந்த அறைக்கும் நடுச்சுவருக்குள் ஓடும் குழாய். நான் வேலையில் இருந்தேன், கணவரும் வேலையில். மாமனார் கூடத்தில் டிவியை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கால் நனைந்த பிறகுதான் எழுந்து பார்த்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது புதுப் பூச்சு மொத்தமும் பெயர்ந்து கட்டில்மேல் கிடந்தது. மெத்தை ஊறி உப்பியிருந்தது. தரை டைல்கள் தூக்கிக்கொண்டு நின்றன. ஸ்விட்ச் போர்டு கருகிவிட்டது. அந்தக் கம்பி மட்டும் ஒரு பக்கம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வந்த பிளம்பர் சுவரைக் கொத்தி உடைந்த இணைப்பை வெளியே எடுத்தார். "ரொம்ப நாள் கசிவு எல்லாம் இல்லம்மா. பிரஷர் தாங்காம ஒரே அடியா வெடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் கூலியை வாங்கிக்கொண்டு போனார். சுவரை மறுபடி கட்ட வேண்டும், தரை போட வேண்டும், ஒயரிங் மாற்ற வேண்டும். எங்கள் கையிருப்புக்குச் சுவரை இடிக்க முடியும், கட்ட முடியாது.

அப்போதுதான் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருப்பது ஞாபகம் வந்தது. வீட்டுக் கடன் கொடுத்த வங்கி தலையில் கட்டிய பாலிசி, என் கணவர் பெயரில். வருடா வருடம் பணம் கட்டினோமே தவிர ஒருவரும் திறந்து படித்ததில்லை. நானும் எல்லாரையும் போல, பாலிசி இருந்தால் வீட்டுக்கு எது நடந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. முதல் பக்கத்தில் கை நிறையக் கொடுக்கிறார்கள், உள்ளே போகப் போக ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிறார்கள். குழாய் திடீரென்று வெடித்தால் அந்தக் குழாய்க்குக் காசு கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீர் கெடுத்த சுவர், தரை, கட்டில் எல்லாவற்றுக்கும் உண்டு. அதே குழாய் மெல்ல மெல்லக் கசிந்து அதே சுவரைக் கெடுத்தால் எதற்கும் இல்லை. கசிவது தெரிந்தும் சும்மா இருந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்களுடையது திடீர் வெடிப்புதான். உள்ளதைச் சொன்னாலே போதும். இவ்வளவு சுலபமாக நியாயம் என் பக்கம் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

இழப்பைப் பார்த்து அறிக்கை எழுத சர்வேயர் வருகிறார் என்று போன் வந்ததும், முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பாலிசியை வாசித்துக் காட்டினேன். கணவர் கொட்டாவி விட்டார். அவர் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி கொடுப்பவர். நாள் முழுக்க யாருக்காவது பிரேக் போடச் சொல்லிக் கத்திவிட்டு வருபவருக்குச் சாயங்காலம் எதுவும் காதில் ஏறாது. மாமனார்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடவே வரிவரியாகப் பார்த்தார்.

"ஏம்மா, வீட்டுல இருக்கறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா தரமாட்டாங்களா?"

"தரமாட்டாங்க மாமா. தெரிஞ்சும் பண்ணலைன்னா அது நம்ம தப்புன்னு ஆயிடும்."

"சரிதான். அவன் சொல்றதும் நியாயம்தானே" என்று தலையாட்டினார்.

என் அம்மா விஷயத்தில் இவ்வளவு அக்கறை காட்டுகிறாரே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. அன்றைக்கு அவருக்கு டீ நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், சர்க்கரை தூக்கலாக.

சர்வேயர் நல்ல மனுஷர். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தரை என்று சொல்லியும் கேட்காமல், வெறுங்காலோடு உள்ளே வந்தார். சுவரில் ஒரு கருவியை அங்கங்கே வைத்து ஈரம் பார்த்தார். உடைந்த இணைப்பைப் படம் எடுத்தார். சுவரில் தொங்கிய கம்பியைப் பார்த்து, "யாருக்கு?" என்று கேட்டார். அம்மாவுக்கு என்று சொன்னேன். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் அடிச்சேன்" என்றார். எல்லாம் முடித்துப் பையை மூடிக்கொண்டே, "சிக்கல் ஒண்ணும் இருக்காதும்மா. சீக்கிரம் வந்துடும்" என்றார். எனக்குத் தலையிலிருந்து பெரிய மூட்டையை இறக்கியது போல இருந்தது.

கூடத்தில் கணவரோடு உட்கார்ந்திருந்த மாமனார் எழுந்து நின்றார். மரியாதைக்கு ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பார் சர்வேயர்.

"பெரியவரே, வெடிச்சப்ப நீங்கதான் வீட்டுல இருந்தீங்களாமே. பயந்துட்டீங்களா?"

"பயம் என்ன? இது ஒரு நாள் வெடிக்கும்னு எனக்கு எப்பவோ தெரியும்."

சர்வேயர் வாசலை நோக்கி வைத்த காலைத் திருப்பினார். "எப்பவோன்னா?"

"போன மழைக்காலத்துலேர்ந்து அந்தச் சுவர்ல ஈரம். தொட்டா கையில ஒட்டும். இவன்கிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன், ஆளைக் கூப்பிட்டுப் பாருடான்னு. யாரு கேக்கறா?"

நான் குறுக்கே புகுந்தேன். "மாமா, அது எதிர்ச்சுவர். ஜன்னல் வழியா சாரல் அடிச்சது."

"எனக்கு ஜன்னலுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாதாம்மா?"

சர்வேயர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒரு வாய்ப்புக் கொடுக்கிற மாதிரி, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா. இந்தச் சுவர்தானா? வேற எங்கயாவது இருக்கப்போகுது" என்றார்.

"நான் யோசிக்காம எதுவும் சொல்ற ஆள் இல்லை தம்பி."

சர்வேயர் பையைத் திறந்து பேனாவை எடுத்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் நேற்றுதான் வலிக்க ஆரம்பித்தது என்பார்கள். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தால் பாதிப் பல் இருக்காது. பழைய வலியைப் புதிது என்று சொல்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். புதிதாக வந்ததைப் பழையது என்று அடித்துச் சொல்லி, கிடைக்க இருந்ததைக் கெடுத்துக்கொள்ளும் ஆளை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

கம்பெனியிலிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது. நாள்பட்ட கசிவு, தெரிந்தும் பழுது பார்க்கப்படவில்லை, பணம் தருவதற்கில்லை. ஏற்காவிட்டால் மறுபரிசீலனை கேட்கலாம் என்று கீழே ஒரு எண். மதிய இடைவேளையில் அந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்த அதிகாரி களைத்த குரலில், ஆனால் பொறுமையாகவே சொன்னாள்.

"படம் எல்லாம் உங்க பக்கம்தான்மா இருக்கு. அந்தப் பெரியவர் சொன்னதுதான் இடிக்குது. அவர் தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பாலிசி யார் பேர்ல இருக்கோ அவரும் ஆமான்னு சொல்லட்டும். ரெண்டு நாள்ல நானே கூப்பிட்டுக் கேட்டு, கிளெய்மை மறுபடி எடுத்துப் பாக்கறேன்."

ஒரு வார்த்தை. அதற்காக வீட்டுக்கு வந்து அந்த மனுஷரின் காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

"அப்ப என்னைப் பொய் சொல்லச் சொல்றே" என்றார் மாமனார்.

"பொய் இல்ல மாமா. நீங்க அந்தச் சுவரைப் பத்தி ஒரு நாள்கூட எதுவும் சொன்னதே இல்லை. ஞாபகத் தப்பா இருக்கும். அதைச் சொன்னாப் போதும்."

"என் ஞாபகத்துக்கு என்ன? எந்த பஸ்ல எவனைப் பிடிச்சேன்னு இப்பக் கேளு, சொல்றேன்."

"எங்கம்மா எங்க போவாங்க மாமா?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டிவியைத் தூக்கிப்போட்டு உடைத்திருப்பேன். அதற்கும் பாலிசியில் இடமில்லை.

கணவரிடம் சமையலறையில் வைத்துப் பேசினேன். "உங்கப்பா சொல்லாட்டிப் போகட்டும். நீங்க சொல்லுங்க. உங்க பேர்லதானே இருக்கு. அவர் உங்ககிட்ட ஒண்ணும் சொன்னதில்லைன்னு சொல்லுங்க. உண்மைதானே?"

"உண்மைதான்" என்றார்.

"சொல்வீங்கதானே?"

"சொல்றேன், சொல்றேன். விடு."

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சேர்ந்து தன் அப்பாவைக் கேலி செய்து வயிறு வலிக்கச் சிரித்த மனுஷர். நம்பினேன்.

அதிகாரி சொன்னபடியே கூப்பிட்டாள். கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். மாமனார் தன் நாற்காலியிலேயே இருந்தார். டிவியை அணைத்துவிட்டார். வீட்டில் அந்தச் சத்தம் இல்லாமல் இருப்பது எவ்வளவு பயமாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"சார், சுவர்ல ஈரம் இருக்குன்னு உங்க அப்பா உங்ககிட்ட முன்னாடி சொன்னாரா, இல்லையா?"

கணவர் அப்பாவைப் பார்த்தார். பெரியவர் ஒன்றும் மிரட்டவில்லை. மகனை வெறுமனே பார்த்தார். டிக்கெட் எங்கே என்று கேட்கிற பார்வை அப்படித்தான் இருந்திருக்கும்.

"சொன்னாருங்க. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"ஏங்க" என்றேன். அவர் நிமிரவே இல்லை.

நான் போனை என் பக்கம் இழுத்தேன். "மேடம், இவர் பொய் சொல்றார். யாரும் எதுவும் சொல்லல. அந்தச் சுவர்ல ஈரமே இல்ல, அப்பதான் பூச்சு வேலை செஞ்சோம்."

 "ஒரு வீட்டுக்குள்ளயே ரெண்டு பேச்சு இருந்தா நான் எதைம்மா எழுதறது? பாலிசி உங்க பேர்ல இல்லையே" என்றாள். குரலில் கோபம் இல்லை. பிறகு வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"அப்பாவைப் பொய்யர்னு எப்படிச் சொல்றது?" என்றார் கணவர். "கொஞ்சம் கொஞ்சமா நாமளே சரி பண்ணிக்கலாம். அடுத்த வருஷம் உங்கம்மா வரட்டுமே. எங்கே ஓடிப்போறாங்க?"

இடுப்பு உடைந்து கிடக்கும் என் அம்மா எங்கேயும் ஓடிப்போக முடியாது என்பது சரிதான். நான் அவரிடம் பேசுவதை அன்றோடு நிறுத்தினேன். வேண்டியதற்கு மட்டும் பேசுவேன், சாவி எங்கே, கேஸ் வந்ததா, அவ்வளவுதான்.

மாமனார்மேல் எனக்கு இருந்தது வேறு மாதிரிக் கோபம். அவர் வேண்டுமென்று செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். என் அம்மாவை வரவிடக் கூடாது என்று மனசில் வைத்துக்கொண்டு செய்திருந்தால், அதில் ஒரு காரணமாவது இருக்கும். இந்த மனுஷர் 'நான் முன்பே சொன்னேன்' என்கிற அற்பப் பெருமைக்காக, வேறு ஒரு காரணமும் இல்லாமல், ஒரு கிழவியின் அறையை அழித்துவிட்டார். முட்டாள்தனத்தை என்னவென்று திட்டுவது? திட்டினாலும் அதற்கு உறைக்கவா போகிறது? இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழாய் வெடித்த அன்றைக்கே அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு போன் செய்யும்போதெல்லாம், "கிளெய்ம் வந்துடும்மா, அறை ரெடியாயிடும், அண்ணன்கிட்ட எதுவும் ஒத்துக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா ஒவ்வொரு முறையும், "சரிம்மா, நீ சிரமப்படாதே" என்றுதான் சொல்வாள். இனிமேல் போனில் சொல்ல முடியாது, நேரில் போய்ச் சொல்வோம் என்று மருத்துவமனையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பேருந்தில் போகும்போது எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். உன் மகள் கையாலாகாதவள் என்பதை எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அதே இடத்தில்தான் வந்து நின்றது.

கதவு திறந்தே இருந்தது. அம்மா நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். வீடு காலியாக இருந்தது. அலமாரி இல்லை, மேசை இல்லை, சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. ஒரு பெட்டியும் ஒரு பையும் சுவரோரமாக இருந்தன.

"என்னம்மா இது?"

"திங்கக்கிழமை அங்க வரச் சொல்லியிருக்காங்க. உங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போறான். கட்டிலைக் கீழ்வீட்டுப் பொண்ணுக்குக் கொடுத்துட்டேன். அங்க கட்டில் அவங்களே தர்றாங்களாம்."

"நான்தான் ஒத்துக்காதேன்னு சொன்னேன் இல்ல? கிளெய்ம் வரலைன்னு எனக்கே இப்பத்தான் தெரியும். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அம்மா என்னைச் சங்கடத்தோடு பார்த்தாள். எனக்குத் தெரியக் கூடாத ஒன்றை உளறிவிட்ட மாதிரி, நடை வண்டியின் கைப்பிடியைத் தடவினாள்.

"சம்பந்தி அப்பவே போன் பண்ணிட்டாரேம்மா."

"எப்ப?"

"குழாய் வெடிச்ச மறுநாளே. இந்த இன்ஷூரன்ஸ் பணமெல்லாம் வராது, அறை ஆகாது, நீங்க வேற ஏற்பாடு பண்ணிக்கறதுதான் நல்லதுன்னு தன்மையாத்தான் சொன்னார்."

மறுநாள். சர்வேயர் வீட்டுப் படியேறாத நாள். நான் பாலிசியைத் திறந்துகூடப் பார்க்காத நாள்.  உட்கார அந்த வீட்டில் ஒன்றும் இல்லாததால் பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லச் சங்கடப்படறே, அதனாலதான் உனக்காக அவர் சொல்றாருன்னார். கேட்டு உன்னைத் தர்மசங்கடப்படுத்த வேணாம்னார். நானும் யோசிச்சேன், சரிதானே. சின்ன வீடு. மாமனார் வேற இருக்கார்."

"அம்மா, நான் அவரைச் சொல்லச் சொல்லவே இல்ல. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீ வரணும்னுதான் நான் நாயா அலைஞ்சேன்."

"தெரியும்மா" என்றாள்.

அவள் குரலை எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் பொய் சொல்லிப் பிடிபடும்போது, அடிக்காமல் விட்டுவிடுவாளே, அந்தக் குரல். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், பிளம்பர் சொன்னது, சர்வேயர் வந்தது, மாமனார் சொன்னது, கணவர் சொன்னது எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கே அது ஜோடித்த கதை மாதிரி கேட்டது. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றையும் மறுக்கவில்லை. முடித்ததும் நடை வண்டியைத் தள்ளிக்கொண்டு கிட்டே வந்து என் தலையில் கை வைத்தாள்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. நீ மனசைப் போட்டு உழட்டிக்காதே" என்றாள்.